நோய்ப் படுக்கைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்!

வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? டாக்டரிடம் காட்டுகிறோம். மருந்து வாங்குகிறோம். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறோம். உசிலம்பட்டியிலிருந்தும், மேலூரிலிருந்தும், திருமங்கலத்திலிருந்தும் வருகிற உறவினர் கையில் ஒரு பை இருக்கும். அதில் சாத்துக்குடி இருக்கும், ரொட்டி இருக்கும், பிளாஸ்க்கில் கஞ்சி இருக்கும்.

பார்வை நேரம் முடிகிறது. வந்தவர்கள் போய்விடுகிறார்கள். அதன் பிறகு?

இரவு வருகிறது. தூக்கம் வருவதில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமுகிறார்கள். "வீட்டில் என்ன நடக்கிறதோ? பிள்ளைகள் சாப்பிட்டார்களோ? நம்மை மறந்துவிடுவார்களோ?" என்று மனம் அலைகிறது. அந்த நேரத்தில் நோயாளிக்குத் துணை யார்?

தலையணைக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தால், அதுதான் துணை!

மருந்தும் உணவும் கொடுப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. நோயாளிக்கு நாலு வரி எழுதவும் வேண்டும் என்பது என் கருத்து. இது சம்பிரதாயத்துக்காகச் சொல்வது அல்ல. தமிழ் நாட்டின் பெரிய எழுத்தாளர் ஒருவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் இது.

சொ. விருத்தாசலம்

அந்த எழுத்தாளருடைய பெயர் சொ. விருத்தாசலம். புதுமைப்பித்தன் என்றால் எல்லாருக்கும் தெரியும். 1906-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி பிறந்தவர். திருநெல்வேலிக்காரர். "காஞ்சனை", "சாப விமோசனம்", "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" முதலிய கதைகளால் அழியாப் புகழ் பெற்றவர்.

அவருக்குத் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலா அம்மையாருடன் திருமணம் நடந்தது. ஆனால் கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் நிம்மதியாக இருந்த காலம் குறைவு. பிழைப்பு சென்னையில். பத்திரிகை வேலை, கொஞ்சச் சம்பளம். மனைவியோ பல மாதங்கள் பிறந்த வீட்டில். நடுவே நூற்றுக்கணக்கான மைல் தூரம்!

அந்தத் தூரத்தைக் கடந்தது தபால் ஒன்றுதான். அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில், 1990-களில், "கண்மணி கமலாவுக்கு" என்ற பெயரில் புத்தகமாக வெளிவந்தன. இளையபாரதி அவற்றைத் தொகுத்தார். கணவர் மறைந்த பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் காகிதங்களைக் காப்பாற்றி வைத்திருந்தவர் கமலா அம்மையார்.

பெரிய எழுத்தாளர் அல்லவா, கடிதத்திலும் இலக்கியம் பேசியிருப்பார் என்று நினைத்துப் புத்தகத்தைத் திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அதில் இருப்பது குடும்பம்! பணம் அனுப்ப வேண்டிய கவலை, அனுப்ப முடியாத தவிப்பு, வேலையின் நிலை, மனைவியின் உடம்பைப் பற்றிய விசாரிப்பு - இவைதான். நம் வீட்டுக் கடிதங்களில் இருக்கிற அதே விஷயங்கள். உலகத்தைக் கேலி செய்து எழுதிய அந்தப் பேனா, மனைவிக்கு எழுதும்போது ஆறுதல் சொல்லும் பேனாவாக மாறிவிடுகிறது.

பூனாவில் வந்த நோய்

1947-ம் ஆண்டு. எம். கே. தியாகராஜ பாகவதர் சிறையிலிருந்து விடுதலையாகி வெளியே வந்தார். "ராஜமுக்தி" என்ற படத்தை எடுக்கத் தொடங்கினார். அதற்கு வசனம் எழுதும் வேலை புதுமைப்பித்தனுக்குக் கிடைத்தது. படப்பிடிப்பு பூனா நகரில். தமிழ் பேசாத ஊர், பழக்கமில்லாத குளிர். மனைவியும், தினகரி என்ற சின்னஞ்சிறு பெண் குழந்தையும் திருவனந்தபுரத்தில்.

அங்கேதான் அவரைக் காசநோய் கீழே தள்ளியது. சயரோகம் என்று நம் பெரியவர்கள் நடுங்கிய நோய். 1948 மே மாதத்தில், எலும்பும் தோலுமாக அவர் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 30-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. "ராஜமுக்தி" வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை.

இதில் ஒரு கொடுமையைக் கவனியுங்கள். 1943-ம் ஆண்டில் அவர் "செல்லம்மாள்" என்ற கதையை எழுதினார். ஊரை விட்டுப் பட்டணம் வந்து ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிற ஓர் ஏழைக் கணவன், நோயாளி மனைவி, அருகில் உறவு இல்லை, கையில் காசு இல்லை. வேலையும் பார்த்துக்கொண்டு, மனைவிக்குப் பணிவிடையும் செய்கிறான் அந்த மனிதன். படித்தவர்கள் கண்ணீர் விடாமல் இருக்க முடியாது. கதையில் மனைவி நோயாளி. ஐந்து ஆண்டுகள் கழித்து, வாழ்க்கையில் கணவரே நோயாளி ஆனார். கதையில் இருவரும் ஒரே வீட்டிலாவது இருந்தார்கள். பூனாவில் அவருக்கு அதுவும் இல்லை. கடிதம் மட்டும்தான் இருந்தது.

சேராத கடிதம்

கடிதம் எழுதாமல் இருப்பது ஒரு குறை. எழுதிய கடிதம் போய்ச் சேராமல் இருப்பது அதைவிடப் பெரிய துயரம்.

கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1914-ம் ஆண்டு இங்கிலாந்து போனார். 1917-ல் அவருக்கு உடம்பு கெட்டது. காசநோய் என்றே அப்போது எண்ணினார்கள். ஈரலைத் தாக்கிய வேறு நோயாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். எந்த நோயானாலும், கடல் கடந்த நாட்டில், குளிரில், சானடோரியத்தில் தனியாகக் கிடந்தார் அந்த இளைஞர். ஊரிலிருந்து மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் அவர் கைக்குப் போகாமல் வீட்டிலேயே தடைப்பட்டன என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. மாமியார், மருமகள் மனத்தாங்கல்தான் காரணம்! 1919-ல் அவர் நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி, முப்பத்திரண்டு வயதில் மறைந்தார்.

குடும்பச் சண்டை எந்த வீட்டில் இல்லை? ஆனால் நோயாளிக்குப் போகிற கடிதத்தைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. சண்டையைத் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள். தபாலைப் போகவிடுங்கள்.

இரண்டு பேர் எழுதினார்கள்

ருஷ்ய நாட்டு எழுத்தாளர் செகாவ் ஒரு டாக்டர். அவருக்கும் காசநோய்தான். மருத்துவர்கள் சொன்னபடி, கடலோரத்தில் இருக்கும் யால்டா என்ற ஊரில் தங்கினார். 1901-ம் ஆண்டு அவர் மணந்துகொண்ட ஓல்கா ஒரு நாடக நடிகை. அவருக்கு வேலை மாஸ்கோவில். குளிர் காலம் முழுவதும் கணவர் ஓர் ஊர், மனைவி ஓர் ஊர். இருவரும் நூற்றுக்கணக்கான கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். 1904-ம் ஆண்டு, நாற்பத்து நான்கு வயதில் செகாவ் இறக்கும்போது ஓல்கா பக்கத்திலேயே இருந்தார்.

செகாவின் கடிதங்களும் அச்சாகின. ஓல்காவின் கடிதங்களும் அச்சாகின. கேள்வியும் கிடைக்கிறது, பதிலும் கிடைக்கிறது. ஒரு நோயாளியும் அவர் மனைவியும் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது நமக்கு முழுமையாகத் தெரிகிறது.

நம்முடைய புத்தகத்தில் இருப்பது கணவர் எழுதியவை மட்டும். கமலா அம்மையார் எழுதிய பதில்கள் அதில் இல்லை. அந்த அம்மாள் எழுதத் தெரியாதவரா? இல்லை. கதை எழுதியவர்! "காசுமாலை" என்று அவருடைய கதைத் தொகுதியே உண்டு. கணவருக்கு நோய் என்றதும் அந்தப் பெண் என்ன எழுதினார்? கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படித் தைரியம் சொன்னார்? அதை நாம் படிக்க முடியவில்லை.

நம் வீடுகளிலும் இப்படித்தான். அப்பா எழுதிய கடிதம் பெட்டியில் இருக்கும். அம்மா எழுதிய கடிதம் அடுப்புப் பற்றவைக்கப் போயிருக்கும்! வீட்டுப் பெண்கள் எழுதியதையும் பத்திரப்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

"கடிதம் நோயைத் தீர்க்குமா?"

இப்படி ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தீர்க்காது. காசநோய்க் கிருமியைக் கொல்வது மருந்து, அன்பு அல்ல.

ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தை அமெரிக்காவில் 1943-ம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். அது காசநோய்க்குப் பயன்படுகிறது என்பதை நிரூபித்த பிரிட்டிஷ் சோதனையின் முடிவு 1948 அக்டோபர் மாதம் வெளியாயிற்று. புதுமைப்பித்தன் இறந்து நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன! 1952-ல் இன்னொரு நல்ல மருந்தும் வந்தது. இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்திருந்தால் அந்த மகா எழுத்தாளர் பிழைத்திருக்கக்கூடும்.

நம் கரிசல் சீமையில் ஓர் உதாரணம் இருக்கிறது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற கிராமம். அங்கே பிறந்த கி. ராஜநாராயணனுக்கும் இளமையில் காசநோய் வந்தது. அவர் பிழைத்தார். விவசாயம் பார்த்தார். கதை எழுதினார். 1991-ல் சாகித்ய அக்காடமி பரிசு பெற்றார். தொண்ணூறு வயதையும் தாண்டி வாழ்ந்து, 2021-ம் ஆண்டுதான் மறைந்தார். அதே ஊரில் பிறந்த கு. அழகிரிசாமி அவருடைய ஆருயிர் நண்பர். அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னைக்கும் மலாயாவுக்கும் போனார். ஊரிலிருந்த நண்பருக்கு அவர் எழுதிய கடிதங்களும் புத்தகமாக வந்திருக்கின்றன. ஊரிலேயே தங்கிவிட்ட ஒருவருக்கு வெளியூர் நண்பன் எழுதும் கடிதம் எவ்வளவு பெரிய உறவு என்பதை அதில் பார்க்கலாம்.

ஆகவே, முதலில் மருந்து. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வேண்டியவர் யார்? அந்த நோயாளி! காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதுபோல் இருக்கும். "போதும், விட்டுவிடலாம்" என்று தோன்றும். விட்டால் ஆபத்து, கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடலாம். "எனக்காக யாரோ காத்திருக்கிறார்கள்" என்ற எண்ணம் உள்ளவருக்குத்தான் ஆறு மாதமும் மருந்தை விழுங்கப் பொறுமை வரும். அந்த எண்ணத்தைக் கொடுப்பது நம் வேலை.

வீட்டுக்குள்ளே ஒரு தனிமை

1956-ம் ஆண்டு சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்களை வீட்டிலேயே இருக்கச் செய்து மருந்து கொடுத்தார்கள். ஒரு வருஷம் சிகிச்சை. 1959-ல் முடிவு வெளியானது. உலகமே வியந்தது! ஏழை வீட்டில், நெருக்கடியில் இருந்து மருந்து சாப்பிட்டவர்களும், நல்ல உணவும் ஓய்வும் கிடைத்த சானடோரியக்காரர்களைப் போலவே குணம் அடைந்தார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. இன்று அந்த நிலையம் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. மதுரையிலும் அதற்குக் கிளை உண்டு.

அதாவது, நோயாளி வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை என்று நம் தமிழ் நாடு உலகத்துக்குக் காட்டியது. பூனாவும் யால்டாவும் இனித் தேவையில்லை. மதுரையை அடுத்த தோப்பூரில் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. நோய் முற்றியவர்கள் அங்கே தங்குகிறார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே மருந்து சாப்பிடுகிறார்கள். அரசாங்கம் மருந்தை இலவசமாகவே கொடுக்கிறது.

ஆனால் நடப்பது என்ன? வீட்டிலேயே இருந்தாலும் தனித் தட்டு, தனித் தம்ளர், மூலையில் ஒரு பாய்! காசநோய் இருமும்போது காற்றில் பரவுகிறது, தட்டில் பரவுவதில்லை. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் தொற்றும் தன்மையும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இருந்தும் பேச்சு குறைகிறது. பெண்ணாக இருந்தால், "வெளியே தெரிந்தால் கல்யாணம் ஆகாது" என்று நோயையே மறைக்கிறார்கள். பூனாவில் அவர் அனுபவித்த தனிமை, இன்று நம் வீட்டுத் தாழ்வாரத்தில் நடக்கிறது.

2020-லும் 2021-லும் கொரோனா வந்தபோது இதை எல்லாருமே அனுபவித்தோம். தோப்பூர் ஆஸ்பத்திரியிலும் பெரியாஸ்பத்திரியிலும் கிடந்தவர்களைப் பெற்ற பிள்ளையும் போய்ப் பார்க்க முடியவில்லை. ஒரு சொல்லுக்காக ஏங்குவது என்றால் என்ன என்று அப்போது தெரிந்தது. அதற்குள் மறந்துவிடலாமா?

போன் இருக்கிறதே!

"இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள்? கையில் போன் இருக்கிறதே!" என்பார்கள். போன் நல்லதுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போனில் நாம் என்ன பேசுகிறோம்? "எப்படி இருக்கு? சாப்பிட்டாச்சா? மாத்திரை போட்டாச்சா?" மூன்று கேள்வி, மூன்று பதில், முடிந்தது!

பேச்சுக்கு நோயாளி பதில் சொல்ல வேண்டும். இருமல்காரருக்குப் பேசுவதே களைப்பு. கடிதம் பதில் கேட்டு வற்புறுத்துவதில்லை. முடிந்தபோது படிக்கலாம். நடு இரவில் மறுபடியும் படிக்கலாம். அழுகை வந்தால் யாரும் பார்க்காமல் அழலாம். பேச்சு காற்றோடு போகிறது. எழுத்து தலையணைக்கு அடியில் இருக்கிறது. கார்டில் எழுத முடியாவிட்டால் போனிலேயே நாலு வரி எழுதி அனுப்புங்கள். எழுத்தாக இருக்கட்டும், அதுதான் முக்கியம்.

என்ன எழுதுவது?

"எனக்கு அழகாக எழுத வராதே!" என்று தயங்க வேண்டாம். போன வருஷம்தான் எழுத்துக் கற்றவராக இருந்தாலும் பரவாயில்லை. பிழையோடு எழுதுங்கள். நோயாளி பிழை பார்ப்பதில்லை; கையெழுத்தைப் பார்க்கிறார்.

உபதேசம் வேண்டாம். "கவலைப்படாதே" என்று பத்துத் தடவை எழுத வேண்டாம். அதே நோயில் போனவர்கள் கதையும் வேண்டாம்!

வீட்டு விஷயத்தை எழுதுங்கள். வெள்ளைப் பசு கன்று போட்டது. வைகையில் தண்ணீர் விட்டார்கள், சோழவந்தான் பக்கம் நடவு தொடங்கிவிட்டது. சின்னவன் ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பித்தான். முருங்கை பூத்திருக்கிறது, நீங்கள் வரும்போது காய்த்திருக்கும். இவ்வளவு போதும். படிக்கிறவருக்குத் தம் வீடு கண் முன்னே வந்துவிடும்.

பொய்யும் எழுத வேண்டாம். பணமுடை இருந்தால் அளவோடு சொல்லுங்கள். எல்லாவற்றையும் மறைத்தால், "என்னை ஒதுக்கிவிட்டார்கள்" என்று அவர் நினைப்பார். புதுமைப்பித்தன் தம் கடிதங்களில் வறுமையை மறைக்கவில்லை. மனைவியை நம்பிச் சொன்னார். அந்த நம்பிக்கைதான் அந்தக் கடிதங்களின் உயிர்.

இன்னொருவரையும் மறக்காதீர்கள். நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனைவி, தாய், மகள் - அவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். இரவும் பகலும் கண் விழிக்கிற அவர்களை, "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்பார் யாரும் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். நோயில் கிடக்கிற உறவினர் ஒருவர், நண்பர் ஒருவர் உங்கள் நினைவுக்கு வருவார். பத்து நிமிஷம் போதும். ஒரு காகிதத்தை எடுங்கள். "நலமா?" என்று தொடங்குங்கள். எழுதி முடித்ததும் நாளைக்கு என்று வைக்காமல், இன்றைக்கே தபால் பெட்டியில் போட்டுவிடுங்கள்.